ராத்திரியில் மாடு என்ன செய்கிறது?

(கறவை மாடு வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு நடந்த ஒரு நாள் பயிற்சியில், கால்நடைப் பராமரிப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற சகோதரி ஒருவர் பேசியது. வர முடியாத உறுப்பினர்களும் படிக்க வேண்டும் என்று பலர் கேட்டதால் பேசியபடியே இங்கே தருகிறோம்.)



மாடு வைத்திருப்பவர்கள் கை தூக்குங்க. நல்லது, முக்கால்வாசிப் பேர் இருக்கீங்க. இப்போ இன்னொரு கேள்வி. நேற்று ராத்திரி 2 மணிக்கு உங்க மாடு என்ன பண்ணிக்கிட்டு இருந்தது? யாருக்குத் தெரியும்? ஒரு கையும் இல்லை. தெரியாதது உங்க தப்பு இல்லை. 4 மணிக்கு எழுந்து பால் கறக்க வேண்டியவர்கள் 2 மணிக்கும் விழித்திருக்க முடியுமா? ஆனால் அந்த 2 மணியில்தான் நம்ம பணம் இருக்கு. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கேன்.

முன்னாடி நம்ம பக்கத்தில் மாடு எப்படி வளர்ந்தது என்று வயசானவர்களுக்குத் தெரியும். காலையில் கறந்துவிட்டு அவிழ்த்துவிட்டால் ஏரி உள்வாய், தோப்பு, மேய்க்கால் புறம்போக்கு என்று போய் மேயும். செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் வற்றின மாதங்களில் உள்ளே எவ்வளவு மாடு மேயும்! அங்கே ஊர் மாடு எல்லாம் ஒன்றாக நிற்கும். எந்த மாடு பருவத்துக்கு வந்திருக்கு என்று மாடு மேய்க்கிற பையனே சாயங்காலம் வந்து சொல்லிவிடுவான். ஏனென்றால் பருவத்துக்கு வந்த மாடு மற்ற மாட்டின் மேல் தாவும், மற்ற மாடு தன் மேல் தாவினால் நகராமல் நிற்கும். அது பத்து மாடு கூடுகிற இடத்தில் பளிச்சென்று தெரியும்.

இப்போ என்ன ஆச்சு? அம்பத்தூர் 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019ல் தனி மாநகராட்சி ஆனது. மேய்ச்சல் இருந்த இடமெல்லாம் மனை போட்டாச்சு. வெளிவட்டச் சாலை வந்தாச்சு. அவிழ்த்துவிட்ட மாடு ரோட்டில்தான் நிற்கணும். 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்னப் பெண்ணை ஒரு மாடு முட்டித் தூக்கின படத்தை நீங்க எல்லாரும் செல்போனில் பார்த்திருப்பீங்க. அதன் பிறகு சென்னை மாநகராட்சி தெருவில் பிடிபடும் மாட்டுக்கு அபராதத்தை 2,000லிருந்து 5,000 ரூபாய் ஆக்கியது, பிறகு இன்னும் ஏற்றியது. அதில் நான் குறை சொல்ல மாட்டேன். குழந்தை உயிர் பெரிசு. மாட்டைக் கட்டித்தான் வளர்க்கணும்.

அந்தப் படத்தைப் பற்றி ஒன்று சொல்லணும். தெருக் கேமராவில் பதிவானது அது. எத்தனை தடவை பார்த்தாலும் நமக்குப் பயம்தான் வருது, அந்த மாடு ஏன் அப்படிச் செய்தது என்று தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? செல்போனில் சுற்றினது சில விநாடிதான். அதற்கு முந்தின ஒரு மணி நேரம், முந்தின நாள், அந்த மாடு வழக்கமாக எப்படி இருக்கும் என்பது நம்ம கையில் இல்லை. படம் இருந்தால் மட்டும் மாட்டைப் புரிந்துகொள்ள முடியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி தேவைப்படும்.

சரி, மாட்டைக் கட்டினோம். கட்டினதில் ஒரு கஷ்டம் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு ஒரு மாடு, இரண்டு மாடு. தாவுவதற்கு இன்னொரு மாடு பக்கத்தில் இல்லை. கயிறு 4 அடி. பருவத்துக்கு வந்தால் நமக்கு எப்படித் தெரியும்? சில மாடு கத்தும். சில மாடு கத்தவே கத்தாது. அதை ஊமைப் பருவம் என்பார்கள். எருமையில் இது அதிகம். கலப்பின மாட்டிலும் வெயில் காலத்தில் பருவ அறிகுறி மங்கிப் போகும்.

பருவம் தவறினால் என்ன நஷ்டம் என்று கணக்குப் பார்ப்போம். நாம் குழுவில் கணக்கு எழுதிப் பழகினவங்கதானே. மாடு ஏறக்குறைய 21 நாளைக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும். அது இருப்பது பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரம்தான். அந்த நேரத்தை விட்டால் மறுபடி 21 நாள் காத்திருக்கணும். தவிடு, புண்ணாக்கு, வைக்கோல் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 21 நாளைக்கு 3,150 ரூபாய். இரண்டு தடவை விட்டால் 6,300. அடுத்த கன்று 42 நாள் தள்ளிப் போகுது, அடுத்த பாலும் 42 நாள் தள்ளிப் போகுது. வங்கித் தவணை மட்டும் தள்ளிப் போகாது. கடன் வாங்கி மாடு வாங்கின குழுவில் தவணை நிற்கிறதற்கு மாட்டு நோய்தான் காரணம் என்று நினைக்கிறோம். நான் பார்த்தவரைக்கும் சினை நிற்காமல் தீனி தின்றுகொண்டு நின்ற மாடுகள்தான் அதிகம் வீட்டைக் கவிழ்த்தது.

இப்போ 2 மணிக்கு வருவோம். கனடா நாட்டில் குவெல்ஃப் என்ற ஊரில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கு. அங்கே ஹர்னிக், கிங், ராபர்ட்சன் என்ற மூன்று பேர் 1975ல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மாட்டுக் கொட்டகையில் கேமராவை வைத்து இரவு பகலாகப் படம் பிடித்து, கட்டாமல் விட்ட மாடுகள் எந்த நேரத்தில் ஒன்றின் மேல் ஒன்று தாவுது என்று எண்ணினார்கள். 100 தடவை தாவினால் காலை 6 முதல் நண்பகல் 12 வரை 22. நண்பகல் முதல் மாலை 6 வரை 10. மாலை 6 முதல் நள்ளிரவு வரை 25. நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை 43. இரண்டு இரவுப் பங்கையும் கூட்டுங்க. 68. நாம் மாட்டைப் பார்க்கிற பகல் நேரம் பூராவுக்கும் சேர்த்து 32தான்.

அந்தக் காலத்தில் அதற்கு ஆன செலவு நம்மால் நினைக்க முடியாதது. பெரிய கேமரா, நாடாவில் ஓடுகிற இயந்திரம், மாற்றிப் போட ஆள். மிருகம் என்ன செய்யுது என்று கண்ணுக்குத் தெரியாததைப் படம் பிடித்துப் பார்க்கிற ஆசை அதற்கும் நூறு வருஷம் பழசு. 1878ல் அமெரிக்காவில் மைப்ரிட்ஜ் என்ற படக்காரர், ஓடுகிற குதிரையின் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புதா என்று பார்க்க, வரிசையாக 12 கேமரா வைத்து, குதிரை ஓடும் வழியில் நூல் கட்டி, குதிரை அறுத்துக்கொண்டு போகப் போகப் படம் விழும்படி செய்தார். நாலு காலும் எழும்பத்தான் செய்தது. அதற்குப் பணம் போட்டது ஒரு ரயில்வே முதலாளி. நம்ம தமிழ்நாட்டிலேயே கோயம்புத்தூர் மதுக்கரையில் ரயிலில் யானை அடிபடுவதைத் தடுக்க 2024ல் கேமராக் கோபுரங்கள் வைத்தார்கள். இருட்டிலும் பார்த்து, யானை தண்டவாளத்துக்கு வருவதற்குள் தகவல் சொல்லும். அதற்கு 7 கோடி ரூபாய்க்கு மேல். யானைக்கு அது தேவைதான். நம்ம லட்சுமிக்கு அவ்வளவு வேண்டாம். பீரோவில் கிடக்கிற பழைய செல்போன் போதும்.

பழைய போனை எப்படி வைப்பது?

திரை உடைஞ்ச போனாக இருந்தாலும் பரவாயில்லை, கேமரா வேலை செய்தால் போதும். ஆனால் பேட்டரி உப்பின போனைத் தொடாதீங்க, அது தீப்பிடிக்கும். வைக்கோல் இருக்கிற இடம் என்பதை மறக்கக் கூடாது. சிம் கார்டு வேண்டாம், நெட் வேண்டாம். கேமராவுக்குள் போனால் 'டைம் லேப்ஸ்' என்று ஒன்று இருக்கும். வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கேட்டால் எடுத்துக் கொடுக்கும். அதில் 60 மடங்கு வேகம் என்று வைத்தால் 1 மணி நேரம் நடந்தது 1 நிமிஷப் படமாக வரும். ராத்திரி 7 முதல் காலை 7 வரை 12 மணி நேரம், பார்க்க 12 நிமிஷம். ஒரு சீரியலில் விளம்பரம் வருகிற நேரம்தான். இதில் குரல் பதிவாகாது, அதனால் மாடு கத்தினது தெரியாது. அதற்கு உங்க காது இருக்கு.

எல்லா போனிலும் வேகத்தை நாமே வைக்க முடியாது. சில போன் முழு ராத்திரியையும் அரை நிமிஷமாகச் சுருக்கிவிடும், அது நமக்கு உபயோகப்படாது. முதலில் பகலில் 10 நிமிஷம் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

உயரம் 7, 8 அடி இருக்கட்டும். மாட்டின் நாக்கு எட்டக் கூடாது, கொம்பு எட்டக் கூடாது. பக்கத்துச் சுவரில் ஒரு மூலையில் வைத்தால் தலை முதல் வால் வரை முழு மாடும் தெரியும். தீனித் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் படத்துக்குள் வரணும். சார்ஜர் வயர் மேலே கூரையோடு போகட்டும். எலி கடிச்ச வயர், ஒட்டுப் போட்ட வயர் எதுவும் கொட்டகைக்குள் வேண்டாம். மூத்திரமும் தண்ணீரும் நிற்கிற தரை. மாட்டுக்கு மின்சாரம் பட்டால் மனுஷனை விடச் சீக்கிரம் விழுந்துவிடும்.

போன் கேமரா இருட்டில் ஒன்றும் காட்டாது. ஒரு ஜீரோ வாட் பல்பு எரியணும். அதற்கு மேல் வெளிச்சம் வைத்து மாட்டின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம். பல்பு போட வசதி இல்லை என்றால், கடையில் விற்கிற சின்ன சிசிடிவி கேமரா ஏறக்குறைய 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் கிடைக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத சிவப்புக்கு அப்பாற்பட்ட ஒளி இருக்கு. நமக்கும் இருட்டு, மாட்டுக்கும் இருட்டு, கேமராவுக்கு மட்டும் தெரியும். படம் கறுப்பு வெள்ளையாக வரும். மெமரி கார்டு போட்டால் சில நாள் பதிவை வைத்திருந்து, பழசை அழித்துப் புதுசை எழுதிக்கொள்ளும்.

இங்கே பெண்களாகிய நமக்கு ஒரு எச்சரிக்கை. நம்ம வீடுகளில் கொட்டகைக்குப் பக்கத்திலேதான் குளிக்கிற மறைப்பு இருக்கும். கேமராவின் பார்வையில் அந்தப் பக்கம் ஒரு முழம் கூட வரக் கூடாது. பக்கத்து வீட்டு வாசலும் வரக் கூடாது. நெட்டில் இணைக்கிற கேமரா என்றால் கடைக்காரர் போட்டுக் கொடுத்த ரகசிய எண்ணை அன்றைக்கே மாற்றுங்கள். என்னைக் கேட்டால் நெட்டே வேண்டாம், கார்டில் பதிவானால் போதும். கொட்டகைப் படம் யார் கையில் இருக்கு என்பது வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கணும்.

படத்தைப் பார்ப்பதுதான் வேலை

கேமரா வாங்கினவர்கள் எல்லாரும் முதல் வாரம் ஆசையாகப் பார்ப்பார்கள், இரண்டாவது வாரம் விட்டுவிடுவார்கள். ஏன் தெரியுமா? கண் எதையாவது வேடிக்கையைத் தேடும். மாடு எழுந்தது, பூனை வந்தது, கன்று குதித்தது. அதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவோம். அதனால் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

இதை ஒழுங்குபடுத்திக் கொடுத்தது ஒரு பெண். ஜீன் ஆல்ட்மன் என்று பெயர். கணக்குப் படித்தவர். ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் அம்போசெலி என்ற இடத்தில் பபூன் குரங்குகளைப் பல வருஷம் பார்த்தவர். 1974ல் அவர் எழுதின ஒரு கட்டுரையை இன்றைக்கும் உலகம் பூராவும் மிருகங்களைப் படிக்கிறவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். அதில் அவர் சொன்னது நம்ம குழு நடைமுறைதான். நாம் குழுக் கூட்டத்தில் எப்படி வருகை எழுதுறோம்? யார் சத்தமாகப் பேசுறாங்களோ அவங்க பெயரை மட்டுமா எழுதுறோம்? இல்லை. வரிசையாகப் பெயர் கூப்பிட்டு, மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிற அக்காவையும் சேர்த்து எழுதுறோம். மிருகத்தைப் பார்க்கும்போதும் அப்படித்தான். கண்ணைக் கவர்ந்ததை மட்டும் எழுதினால் கணக்குத் தப்பாகும். முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு, அந்த நேரம் வந்ததும் மாடு என்ன செய்யுதோ அதை எழுதணும். ஒன்றும் செய்யாமல் சும்மா நின்றால் சும்மா நின்றது என்று எழுதணும்.

நமக்கு இது எப்படி? 12 நிமிஷப் படத்தை 15 விநாடிக்கு ஒரு தடவை நிறுத்துங்க. 15 விநாடி என்றால் கொட்டகையில் 15 நிமிஷம். ஒரு ராத்திரிக்கு 48 தடவை. நோட்டில் 48 கட்டம் போட்டு வையுங்கள். படுத்திருந்தால் 'ப'. நின்றால் 'நி'. தொட்டியில் தலை இருந்தால் 'தொ'. மூன்றே எழுத்து. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அக்கா கூட இதைச் செய்யலாம். எழுத்து வேண்டாம் என்றால் கோடு, புள்ளி, வட்டம் போடுங்க. அசை போடுறது நின்ன படத்தில் தெரியாது, அதை விட்டுடுங்க.

முதலில் எந்தப் பருவமும் இல்லாத சாதாரண ராத்திரி மூன்றை எழுதுங்க. இதுதான் அஸ்திவாரம். அரும்பாக்கம் படத்தில் நமக்கு இல்லாமல் போனது இதுதான். நல்ல ஆரோக்கியமான கறவை மாடு ஒரு நாளைக்கு 10 முதல் 14 மணி நேரம் படுக்கும், அதில் பெரும்பகுதி ராத்திரியில். ஒரே மூச்சில் இல்லை. ஒரு மணி, ஒன்றரை மணி படுக்கும், எழும், தண்ணீர் குடிக்கும், மறுபக்கம் திரும்பிப் படுக்கும். உங்க மாட்டுக்கு 48ல் 'ப' எத்தனை என்று பாருங்க. ஒரு மாட்டுக்கு 30 வரலாம், இன்னொன்றுக்கு 26 வரலாம். அடுத்த வீட்டு மாட்டோடு ஒப்பிட வேண்டாம். உங்க மாட்டுக்கு எது வழக்கம் என்பதுதான் கேள்வி.

இப்போ ஒரு மாட்டுக்கு 31, 29, 32 என்று மூன்று ராத்திரி வந்திருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு ராத்திரி 12 வருது. மீதி எல்லாம் 'நி'. படத்தை ஓடவிட்டால் மாடு கயிறு எட்டுகிற வரைக்கும் முன்னும் பின்னும் நடக்குது, வாலைத் தூக்குது, அடிக்கடி மூத்திரம் விடுது. காலையில் பால் குறையுது. பின்பக்கம் போய்ப் பாருங்க. கண்ணாடி மாதிரித் தெளிவான வழும்பு கயிறாகத் தொங்கினால் பருவம்தான். பருவத்தில் மாடு வழக்கத்தை விட 2 முதல் 4 மடங்கு நடக்கும் என்று மாட்டுக் காலில் அடி எண்ணுகிற கருவி கட்டி 1970களிலேயே அமெரிக்காவில் கண்டிருக்காங்க. கட்டின மாடு நடக்க முடியாது, அதனால் படுக்காமல் நிற்கும்.

சிரிக்காதீங்க, இது வெட்கப்படுகிற விஷயம் இல்லை. மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு வீட்டுக்காரர் வரட்டும் என்று காத்திருந்து நேரத்தை விட்ட பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கேன்.

இதில் கேமராவின் பெரிய லாபம் எது தெரியுமா? பருவம் வந்ததா என்பது மட்டும் இல்லை, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பது. காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் சினை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் ஊசி என்று நமக்கு எப்போதும் சொல்வாங்க. அது சரியான விதிதான். ஆனால் நாம் காலை 6 மணிக்குப் பார்க்கிறது 6 மணிக்கு ஆரம்பித்ததா? முந்தின ராத்திரி 8 மணிக்கே ஆரம்பித்திருந்தால்? மாலை வரை காத்திருந்தால் 22 மணி நேரம் ஓடியிருக்கும். ஊசி போட்டும் நிற்கவில்லை, மருந்து சரியில்லை, ஊசி போட்டவர் சரியில்லை என்று பேசுவோம். 8 மணிக்கே படுக்காமல் நிற்க ஆரம்பித்தது என்று உங்க நோட்டில் இருந்தால் காலையில் மருந்தகம் திறந்ததும் போகலாம். விடியற்காலை 4 மணிக்கு மேல்தான் ஆரம்பித்தது என்றால் மாலை வரை பொறுக்கலாம். நோட்டைக் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்க. முடிவு அவர் சொல்லட்டும்.

ஒன்று கவனிக்கணும். மாடு நின்றால் எல்லாம் பருவம் இல்லை. நம்ம பக்கத்துக் கொசுவுக்கு எந்த மாடும் நிற்கும். தரை ஈரமாக இருந்தால் நிற்கும். கன்றைப் பிரித்துக் கட்டின முதல் நாள் நிற்கும். வயிறு உப்பினால் நிற்கும், ஆனால் அப்போ தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்க்கும், உதைத்துக்கொள்ளும். மாறாக, எழவே எழாமல் 'ப' மட்டும் 42, 43 என்று ஏறிக்கொண்டு போனால் குளம்பைப் பாருங்க.

பட்டாபிராம் பக்கத்தில் ஒரு உறுப்பினர் பருவம் பார்ப்பதற்கென்று போனைக் கட்டினார். பருவம் தெரிந்ததோ இல்லையோ, ராத்திரி 11 மணிக்கே தண்ணீர்த் தொட்டி காலி என்பது தெரிந்தது. அதற்குப் பிறகு காலை வரை மாடு காலித் தொட்டியை நக்கிக்கொண்டே இருந்திருக்கு. வெயில் காலத்தில் கறக்கிற மாட்டுக்கு ஒரு நாளைக்கு 60 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேணும். பாலில் பெரும்பகுதி தண்ணீர்தானே, அது எங்கிருந்து வரும்? இன்னொரு டப்பா வைத்தார். அவ்வளவுதான். கயிறு குட்டையாக இருப்பதால் மாடு தலையைத் திருப்பிப் படுக்க முடியாமல் எழுந்து எழுந்து நிற்பதும் இப்படிப் படத்தில்தான் தெரியும். பகலில் நம்மைப் பார்த்ததும் மாடு நம்ம கையைத்தான் பார்க்கும், தீனி வருதா என்று. நாம் இல்லாதபோதுதான் அது தன் பாட்டுக்கு இருக்கும்.

கன்று போடுகிற ராத்திரிக்கும் கேமரா உதவும். ஊசி போட்ட தேதியிலிருந்து 280 நாளை ஒட்டி, முன்னாடி ஒரு வாரம் வையுங்கள். பனிக்குடம் தெரிந்து 2 மணி நேரத்துக்குள் கன்று வராவிட்டால் ஆள் வேணும். கன்று விழுந்த நேரம் படத்தில் இருந்தால் நஞ்சு விழ 12 மணி நேரம் ஆச்சா என்று சரியாகச் சொல்லலாம். அவசரத்துக்கு 1962 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிட்டால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்குத் தகவல் போகும். அந்த எண்ணைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள்.

ஆடு, கோழிக்கு நான் அதிகம் சொல்லப் போவதில்லை. முட்டை காணாமல் போகுது என்று பக்கத்து வீட்டோடு சண்டை போடுறதற்கு முன்னாடி ஒரு பகல் பூரா கேமராவைக் கூட்டுக்கு நேராக வைத்துப் பாருங்க. கீரியாக இருக்கும், பெருச்சாளியாக இருக்கும், சில சமயம் கோழியே தன் முட்டையைக் கொத்திக் குடிக்கும்.

குழுவுக்கு ஒரு கேமரா

ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டாம். 15 பேர் இருக்கிற குழுவில் ஆளுக்கு 150 ரூபாய் போட்டால் ஒரு கேமராவும் கார்டும் வந்துவிடும். ஆனால் சுழல்நிதி மாதிரி வரிசையாக ஆளுக்கு மூன்று நாள் என்று சுற்றிவிடாதீங்க. மாடு நம்ம முறைக்கு வராது. ஒவ்வொரு மாட்டுக்கும் போன பருவத் தேதியை நோட்டில் எழுதி, அதிலிருந்து 18 முதல் 24 வரைக்கும் உள்ள நாட்களில் அந்த வீட்டுக்குக் கேமரா போகணும். ஊசி போட்ட மாட்டுக்கும் அதே 18 முதல் 24 நாள். அப்போ மறுபடி படுக்காமல் நின்றால் சினை நிற்கவில்லை என்று அன்றைக்கே சந்தேகப்படலாம். கன்று போட்ட மாட்டுக்கு 45 நாளிலிருந்தே பார்க்க ஆரம்பிங்க, 60 நாளுக்கு மேல் வருகிற பருவத்தில் ஊசி போடலாம். இரண்டு வீட்டுக்கு ஒரே தேதி வந்தால் எந்த மாடு அதிகம் நாள் காலியாக நிற்குதோ அதற்கு முதலில். இதைத் தீர்மான நோட்டில் எழுதிவிட்டால் மனஸ்தாபம் வராது.

இதெல்லாம் நம்மால் ஆகுமா என்று கேட்காதீங்க. 1984லேயே குஜராத்தில் சேவா சங்கத்துப் பெண்கள், காய்கறி விற்கிறவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் உட்பட, வீடியோக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு படம் எடுத்தாங்க. அப்போ கேமரா தோளில் தூக்குகிற கனம். நம்ம தேனி மாவட்டத்தில் விடியல் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து குழுப் பெண்கள் 2000களின் கடைசியில் ஆடு வளர்க்கக் கடன் வாங்கும்போதே செல்போனுக்கும் சேர்த்து வாங்கி, ஆடு வளர்ப்பு பற்றிய குரல் செய்தியை அதில் கேட்டுக் கற்றுக்கொண்டாங்க. அப்போ போன் நமக்குச் சொல்லும், நாம் கேட்போம். இப்போ நாம் பார்த்ததை மருத்துவருக்குப் போன் வழியாகச் சொல்கிறோம்.

(பேச்சுக்குப் பிறகு உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளில் சில)

கரண்ட் போயிட்டா என்ன பண்றது?

பவர் பேங்க் இருந்தால் அதில் மாட்டுங்க. இல்லை என்றால் கரண்ட் போன நேரத்தை நோட்டில் கட்டத்தில் குறுக்குக் கோடாகப் போடுங்க. காலியாக விடாதீங்க, காலியாக விட்டால் பின்னாடி என்னவென்று மறந்து போகும். 48ல் 10 கட்டம் அடிபட்டால் மீதி 38ல் எத்தனை 'ப' என்று பாருங்க.

எனக்கு எருமை. இதே மாதிரி பார்க்கலாமா?

பார்க்கலாம், எருமைக்குத்தான் அதிகம் தேவை. எருமை பெரும்பாலும் ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் பருவத்தைக் காட்டும். ஆனால் எருமையில் வழும்பு அவ்வளவாகத் தொங்காது, தரையில் படுக்கும்போது கொஞ்சம் விழும். அடிக்கடி மூத்திரம் விடுவதையும், தீனித் தொட்டிக்குப் போகாமல் இருப்பதையும் பாருங்க. 'தொ' குறையும். சினை காலம் பசுவை விட அதிகம், 310 நாளை ஒட்டி.

காலையில் 12 நிமிஷம் உட்கார எங்கே நேரம்?

கறக்கிற நேரத்தில் பார்க்க வேண்டாம், அப்போ கவனம் மடியில் இருக்கட்டும். பாலை ஊற்றிவிட்டு வந்து பாருங்க. பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்புகிறதுக்கு முன்னாடி அதைப் பார்த்து எழுதச் சொல்லலாம், நல்ல கணக்குப் பாடம். ஆனால் தொங்குகிற வழும்பைப் போய்ப் பார்க்கிறது நீங்களாக இருக்கணும், 7 மணிக்குள்ள பார்க்கணும். மாடு படுத்து எழுந்தால் அது வாலில் ஒட்டிக் காய்ந்துவிடும். அப்போ வாலையும் தொடையையும் தடவிப் பாருங்க, பசை மாதிரி மினுமினுப்பு இருக்கும்.